இடப்பக்கம் திரும்புகிறவர்

உராசாகி மசநோரி நாஹா நகரத்தில் டாக்சி ஓட்டினார். மிச்ச நேரத்தில் கரத்தே சொல்லிக்கொடுத்தார். அவரைக் கேட்டால் இதையே திருப்பிப் போட்டு, கரத்தேதான் தொழில், டாக்சி மிச்ச நேரத்துக்கு என்பார். அவர் மனைவி சுமியின் கணக்கு வேறு. "ரெண்டும் இல்லைங்க, அவருக்கு மிச்ச நேரம்தான் தொழிலே" என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மாடியில் குடித்தனம், கீழே டாக்சி நிற்கிற கொட்டகை. மாலையில் டாக்சியைத் தெருவில் நிறுத்திவிட்டால் கொட்டகை பள்ளிக்கூடமாகிவிடும். ஒரு மூலையில் வைக்கோல் புரி சுற்றிய குத்துக்கட்டை. இன்னொரு மூலையில், விரல்களால் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு நடப்பதற்கென்று மணல் நிரப்பிய மண்ஜாடிகள். தரையெல்லாம் எண்ணெய்க் கறை. வழுக்கி விழாமல் நிற்கப் பழகுவதே பாதிப் பாடம் என்று உராசாகி சொல்வார். தரையைக் கழுவச் சோம்பல்பட்டு அதற்கு ஒரு தத்துவம் கண்டுபிடித்தார் என்பது சுமியின் கட்சி.

அங்கே ஒரு தபால்காரர் வந்தார், இரண்டு ஐஸ் கம்பெனி ஆட்கள் வந்தார்கள், முகாமிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் வந்தார்கள். சிப்பாய்களுக்குச் சொல்லிக்கொடுக்க உராசாகியிடம் இருந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடிகூட இருக்காது. "நோ" என்பார். "ஒன்ஸ் மோர்" என்பார். கொட்டகை வாசலில் பூட்சோடு யாராவது கால் வைத்தால் "ஒய்ஃப் ஆங்க்ரி" என்பார். இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவர் உண்டாக்கிய சீடர்கள் இன்று மூன்று கண்டங்களில் பள்ளி நடத்துகிறார்கள்.

அவர் கற்றதும் கற்பித்ததும் கொச்சிந்தா வழி. கொச்சிந்தா கிழவர் அதைத் தன் தாய்மாமனிடம் கற்றார். தாய்மாமன் தொமாரித் துறைமுகத்துக் காவல்காரன் ஒருவனிடம் கற்றார். காவல்காரனோ கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஒரு சீன மாலுமியிடம். ஒகினாவாவில் எந்தக் கரத்தே வழியைப் பிடித்து மேலே ஏறினாலும் உச்சாணிக் கிளையில் ஒரு சீன மாலுமி ஈரத்துணியோடு உட்கார்ந்திருப்பான். பெயர் மட்டும் இருக்காது. இத்தனை பேர் கரையொதுங்கியிருக்கிறார்களே, அந்த ஊரில் ஒழுங்காகக் கப்பல் ஓட்டத் தெரிந்தவன் ஒருத்தன்கூட இல்லையா என்று சுமி ஒருமுறை கேட்டாள். ஓட்டத் தெரிந்தவன் ஏன் இங்கே வரப்போகிறான் என்றார் உராசாகி. வாழ்நாளில் அவர் அவள் வாயை அடைத்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

அந்த வழிக்கென்று சொந்தமாக இருந்தது ஒரே ஒரு கட்டா. பெயர் சன்தொய். அர்த்தம் யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு தனியாளாகச் செய்கிற சண்டை அது. கைகளைக் கூப்பி நேராக நின்று, சட்டென்று ஒரு பக்கம் திரும்பி, தாழ்வாக ஓர் உதை. அங்கிருந்துதான் மற்றதெல்லாம். அந்த முதல் திருப்பம் எந்தப் பக்கம் என்பதில்தான் கொச்சிந்தா வழி இரண்டாகப் பிளந்தது.

உராசாகி இடப்பக்கம் திரும்புகிறவர். ஷூரி மேட்டில் தன் ஆசான் கொச்சிந்தா கிழவருடைய வீட்டு முற்றத்தில் இளவட்டமாக இருந்தபோது அப்படித்தான் கற்றார். பிறகு வேலை தேடி ஒசாகாவுக்குக் கப்பலேறினார், அங்கே நூல் ஆலையில் சேர்ந்தார். புறப்படும்போது ஆசான் சொன்னது ஒன்றே ஒன்று. "திரும்பி வந்து கட்டாவைக் காட்டு. அங்க போய் எதையாவது சேத்துட்டு வந்துறாத." உராசாகி எதையும் சேர்க்கவில்லை. ஆலையின் பின்கட்டில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே தினமும் செய்து அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார். ஆனால் நடுவில் ஒரு போர் வந்துவிட்டது. அது முடிந்து ஊருக்குக் கப்பல் விட்டபோது அவர் வந்து இறங்கினார். அதற்கு இரண்டு மாதம் முன்பே ஆசான் அகதி முகாமில் மலேரியாவில் போய்விட்டிருந்தார்.

முகாமில் ஆசானுடைய மகள் மகாத்துவின் கூடாரத்தில்தான் அவர் இஷிமினேயைப் பார்த்தார். உராசாகி ஒசாகாவில் இருந்த வருஷங்களில் ஆசானிடம் கற்றவர் இஷிமினே ஷின்ஜுன். இத்தோமான் ஊர்க்காரர், மீன் ஏலக் கூடத்தில் விலை கூவுகிறவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனையில் இருப்பவன் ஏலம் கேட்பான். வயதில் இஷிமினே இரண்டு வருஷம் மூத்தவர், வழியில் உராசாகி ஆறு வருஷம் மூத்தவர். யார் யாரை அண்ணன் என்று கூப்பிடுவது? இருவரும் யோசித்து, பெயரே சொல்லாமல் பேசிப் பழகிக்கொண்டார்கள்.

ஏழாம் வருஷ நினைவுநாளில் ஆசானுடைய வழிபாட்டு மாடத்தின் முன்னால் இருவரும் அக்கம்பக்கமாக நின்று சன்தொய் செய்யத் தொடங்கினார்கள். வலது புறம் நின்ற உராசாகி இடப்பக்கம் திரும்பினார். இடது புறம் நின்ற இஷிமினே வலப்பக்கம் திரும்பினார். இரண்டு நெற்றிகள் மோதிய சத்தம் அடுப்படிவரை கேட்டதாம். கரத்தே வரலாறு எழுதுகிறவர்கள் இதைக் கொள்கை வேறுபாடு என்று குறிப்பிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு தத்துவங்கள் முளைத்தன. இடப்பக்கம் இதயம் இருக்கும் பக்கம், ஆகவே அதை முதலில் காக்க வேண்டும் என்றார் உராசாகி. சீன மாலுமி கற்ற கப்பல் தளத்தில் அலை வலப்பக்கமிருந்துதான் அடித்தது, ஆகவே அதை முதலில் சந்திக்க வேண்டும் என்றார் இஷிமினே. இரண்டு தரப்புச் சீடர்களும் ஒரு கடையில் சாப்பிடுவதைக்கூட நிறுத்திக்கொண்டார்கள். மகாத்து பதின்மூன்றாம் வருஷத்துக்கும் இருபத்தைந்தாம் வருஷத்துக்கும் கட்டாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அப்பாவுக்குச் சோறு போதும். வைத்தியச் செலவு வேண்டாம்."

எழுபத்தெட்டாம் வருஷம் முப்பத்துமூன்றாம் நினைவுநாள் வந்தது. அதோடு முடிந்தது. முப்பத்துமூன்று ஆகிவிட்டால் இறந்தவர் சாமியாகிவிடுவார். அப்புறம் அவருக்கென்று தனியாக நினைவுநாள் கிடையாது, கல்யாண வீடு மாதிரி, மீனை அரைத்து அவித்த சிவப்பு மீன்கட்டி வைத்து, ஆடிப்பாடி அனுப்பிவைக்க வேண்டியதுதான். உராசாகி காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன கட்டாவை இன்னும் காட்டவில்லை. சாமியான பிறகு காட்டினால் அது வேறு கணக்கு. அவர் ஒரு மாதம் முன்பே மகாத்துவின் நூடுல் கடைக்குப் போய் நின்றார்.

"அக்கா, இந்தத் தடவை நான் செய்யறேன்."

மகாத்து பன்றி எலும்புக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எழுபதை நெருங்கும் பெண், கரண்டி மாதிரியே ஒடிசல். "நீ மட்டுமா?"

"நான் மட்டும்."

"அப்ப இத்தோமான்காரன் வந்து, எங்கப்பா அவனுக்கு ஒண்ணுமே சொல்லித்தரலைன்னு அழுவான். ரெண்டு பேரும் சேந்து செய்யுங்க. இல்லேன்னா யாரும் வேண்டாம்."

"சேந்து எப்படிக்கா? அவரு தப்பாத் திரும்புவாரே."

"அவனும் இதையேதான் சொல்லிட்டுப் போனான், நேத்து."

நினைவுநாள் வந்து விழுந்தது ஜூலை முப்பது, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை ஒகினாவாவில் யாரும் மறக்க மாட்டார்கள், ஆனால் அது கொச்சிந்தா கிழவருக்காக அல்ல. அமெரிக்கர்கள் வந்தபோது தீவின் வண்டிகளையெல்லாம் சாலையின் வலப்பக்கம் ஓடச் சொன்னார்கள். அவர்கள் தீவை ஜப்பானிடம் திருப்பிக் கொடுத்து ஆறு வருஷம் ஆனபின், அன்றைக்குக் காலை ஆறு மணியிலிருந்து எல்லாம் இடப்பக்கம் ஓட வேண்டும் என்று ஜப்பான் சொன்னது. இரண்டு முறையும் தீவை யாரும் கேட்கவில்லை. சுவர்களிலெல்லாம் விளம்பரம், பேருந்துகளெல்லாம் புதுசு, டாக்சிகளில் ஸ்டீரிங் வலப்பக்கம் போய்விட்டது. உராசாகியின் சீடர்களுக்கு ஒரே கொண்டாட்டம். கடைசியில் அரசாங்கமே ஆசான் பக்கம் வந்துவிட்டது என்று தபால்காரர் முந்தின வாரமே மாலைப் பயிற்சியில் அறிவித்தார். உராசாகி அதட்டினார். ஆனால் அன்று கட்டாவில் அவருடைய இடத் திருப்பம் கொஞ்சம் மிடுக்காகத்தான் இருந்தது.

முதல் நாள் மகாத்து தொலைபேசியில் கூப்பிட்டாள். "நாளைக்கு பஸ் எந்தப் பக்கம் வரும், எப்ப வரும்னு கடவுளுக்கே தெரியாது. நீ போய் இஷிமினேயைக் கூட்டிட்டு வா."

"நானா? அக்கா, ஊர்ல வேற டாக்சியே இல்லையா?"

"இருக்கு. வேற டாக்சிக்காரனுக்கு சன்தொய் தெரியாது. வழியில பேசி முடிவு பண்ணுங்க. எந்தப் பக்கமோ திரும்பித் தொலைங்க, ஆனா ஒரே பக்கம்."

ஆகவே அந்த ஞாயிறு காலை, புத்தம் புது டாக்சியில், வாழ்நாளெல்லாம் எதிராளிகளுக்கென்று விட்டுக்கொடுத்திருந்த பக்கத்தில், உராசாகி இத்தோமானுக்கு ஊர்ந்தார். ஊரே ஊர்ந்தது. போலீஸ்காரர்கள் கல்யாண வீட்டில் வரவேற்பது மாதிரி இரண்டு கையாலும் வழிகாட்டினார்கள். உராசாகிக்கு கியர் இருக்கும் இடத்தில் கதவுப்பிடி இருந்தது. திரும்புவதற்கு விளக்குப் போடப்போனால் மழைத் துடைப்பான் ஆடியது.

இஷிமினே வாசலில் தயாராக நின்றார். கக்கத்தில் ஒரு சீசா அவமோரிச் சாராயம், கையில் கரத்தே உடுப்பு மூட்டை. பழக்க தோஷத்தில் முன்புறம் வலது கதவைத் திறந்தார். அங்கே ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உராசாகி உட்கார்ந்திருந்தார்.

"மடியிலயா உக்காரப்போறீங்க?" என்றார் உராசாகி.

இருபத்தைந்தாம் வருஷ நினைவுநாளில் உப்பை நகர்த்தச் சொன்னதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் நடந்த முதல் பேச்சு அது. இஷிமினே கதவைச் சாத்திவிட்டுச் சுற்றிவந்து அந்தப் பக்கம் ஏறினார். அப்போதும் பின்னிருக்கையில் உட்காரவில்லை. சவாரியாக வருவதற்கு அவருக்கு மனமில்லை, கூட்டாளியாக உட்காரவும் மனமில்லை. முன்னிருக்கையில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் திருப்பத்தில் மழைத் துடைப்பான் ஆடியது.

"என்ன டிரைவர், வெயில்ல மழையைத் துடைக்கிறீங்க?"

"கண்ணாடி அழுக்கு."

இரண்டாவது திருப்பத்திலும் ஆடியது. "புது வண்டிக்கு இவ்வளவு அழுக்கா? ஏலத்துல விட்டா எடுக்க ஆள் வராது."

உராசாகிக்குக் காது சிவந்தது. பேச்சுக்குப் பதில் யோசித்துக்கொண்டே கரும்புக்காட்டு முனையில் வண்டியைத் திருப்பினார். யோசனை ஒரு பக்கம் போனால் கை பழைய பக்கம் போகும். எதிரே கரும்பு லாரி, அதன் டிரைவரின் முகம், அந்த முகத்தில் திறந்திருந்த வாய் எல்லாம் ஒரே சமயத்தில் பெரிதாகின.

"இடப்பக்கம்!" என்று இஷிமினே கத்தினார். மீன் சந்தையை முப்பது வருஷம் அடக்கி வைத்திருந்த குரல் அது. "யோவ், இடப்பக்கம் திரும்பு! இடப்பக்கம்யா! இடப்பக்கம்!"

உராசாகி திருப்பினார். லாரி ஹாரனை அழுத்தியபடி போய்விட்டது. வண்டி கரும்புத் தோகைகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் துடைப்பான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு உராசாகியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"அழறியா?" என்றார் இஷிமினே.

"இல்ல. இந்த வார்த்தையை உங்க வாயால கேக்கணும்னு எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? நாலு தரம் சொன்னீங்க. லாரிக்காரன் சாட்சி."

இஷிமினே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. இருமல் மாதிரி ஆரம்பித்தது சிரிப்பாகி, சீசாவைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரோட்டுக்கு இடப்பக்கம் சரி" என்றார். "கட்டாவுக்கு வலப்பக்கம்தான். இதுல நான் எதையும் கற்பனை பண்ணலை. முதல் நாளே நான் இடப்பக்கம் திரும்பப் போனேன். ஆசான் தொடையில ஒண்ணு வெச்சாரு. 'அந்தப் பக்கம் காலைத் தூக்காத, சாமி இருக்கு'ன்னாரு."

உராசாகி சிரிப்பை நிறுத்தினார். "எனக்கும் அதேதான் சொன்னாரு. இதே வார்த்தை. ஆனா சாமி இருந்தது வலப்பக்கம்."

"இடப்பக்கம்."

"வலப்பக்கம். ஆறு வருஷம் கும்பிட்டிருக்கேன்."

"நான் எட்டு வருஷம் மூக்கைப் பொத்திக்கிட்டுக் கும்பிட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா எந்தப் பக்கம் நாத்தம் வந்துச்சுன்னு?"

"என்ன நாத்தம்?"

"பன்னி நாத்தம்தான். கொட்டில் அங்கதானே? வேற எந்தச் சாமியைச் சொல்லுவாரு?"

உராசாகி மெதுவாக எஞ்சினை அணைத்தார்.

ஒகினாவா வீட்டுக்குள் இருக்கிற சாமிகளில் பன்றிக் கொட்டில் சாமிதான் பெரிய கை. அந்தக் காலத்தில் கொட்டிலேதான் கழிப்பறையும். அடுப்புச் சாமி வருஷக் கடைசியில் மேலே போய்க் கோள் சொல்லும், அவ்வளவுதான். கொட்டில் சாமி அப்படியல்ல. பேய் பிடித்து வந்தவனைக்கூட அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். அதன் பக்கம் காலை நீட்டி உட்காரவே யோசிப்பார்கள். உதைப்பதாவது!

"ஷூரி வீட்டுல" என்றார் உராசாகி, ஒவ்வொரு வார்த்தையாக, "கொட்டில் முற்றத்துக்கு வலப்பக்கம். கல் சுவர். மேல பூசணிக்கொடி படர்ந்திருக்கும்."

"தொமாரி வீட்டுல இடப்பக்கம். பூசணி கிடையாது. ஒரு கொய்யா மரம்."

நடுவில் ஆசான் வீடு மாறியிருந்தார். அது இருவருக்கும் தெரியும். ஆனால் உராசாகி தொமாரி முற்றத்தைப் பார்த்ததில்லை; இஷிமினே ஷூரி முற்றத்தைப் பார்த்ததில்லை. இரண்டும் போரில் எரிந்து, சேர்ந்து போய்ப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. ஆசான் கட்டாவைக் காப்பாற்றவில்லை. அவர் பன்றியைத்தான் காப்பாற்றியிருக்கிறார்.

"இதயம் இருக்கிற பக்கம்" என்றார் இஷிமினே, வானத்தைப் பார்த்து.

"கப்பல்ல அலை அடிச்ச பக்கம்" என்றார் உராசாகி, கரும்பைப் பார்த்து.

"உன் இதயத் தத்துவத்தை அமெரிக்காவுல உன் சீடன் எவனோ பள்ளிக்கூடச் சுவத்துல எழுதிப் போட்டிருக்கானாமே?"

"பெரிய எழுத்துல."

"அப்ப ஆதியில எந்தப் பக்கம்? ஆசானோட தாய்மாமன் வீட்டுல கொட்டில் எங்க இருந்துச்சோ?"

"அதுக்கு முன்னால அந்தக் காவல்காரன் வீட்டுல."

"அதுக்கு முன்னால சீனாக்காரன் வீட்டுல. அவன் கப்பல்ல பன்னி எந்தப் பக்கம் கட்டியிருந்தானோ!"

இருவரும் மறுபடி சிரித்தார்கள். ஆனால் வண்டியைப் பின்னுக்கு எடுத்து நாஹாவுக்குள் நுழைந்தபோதும், எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவாகியிருக்கவில்லை. சண்டைக்கு அர்த்தமே இல்லை என்று தெரிந்துவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்று இளைஞர்கள் நினைப்பார்கள். உராசாகிக்கு அறுபது தாண்டிவிட்டது.

மகாத்துவின் கடை முற்றத்தில் கூட்டம் நெருக்கியது. இத்தோமான் சீடர்கள் ஒரு பக்கம், நாஹா சீடர்கள் ஒரு பக்கம், நடுவில் பன்றி இறைச்சித் தட்டுகள். வீட்டுப் பக்கத்துக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே வழிபாட்டு மாடத்தில் ஆசானுடைய பெயர்ப் பலகை, முன்னால் அடுக்கடுக்காய்ச் சிவப்பு மீன்கட்டி, ஊதுபத்திப் புகை. எதிர்ப் பக்கம் தெரு. இருவரும் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

"சரி" என்றார் இஷிமினே தாழ்ந்த குரலில், அதாவது எல்லாருக்கும் கேட்கும்படி. "எல்லாம்தான் புரிஞ்சுபோச்சே. நீ வலப்பக்கம் திரும்பிடு, ஒரு நாளைக்கு."

"நீங்களே இடப்பக்கம் திரும்புங்க. காலையில நல்லாத்தானே சொன்னீங்க."

"எனக்குக் கடைசியாச் சொன்னது வலப்பக்கம். கடைசியாச் சொன்னதுதான் சரி."

"எனக்கு முதல்ல சொன்னது இடப்பக்கம். முதல்ல சொன்னதுதான் சரி."

"பன்னிக்காகச் சொன்னதுய்யா ரெண்டும்!"

"பன்னிக்காகவே இருக்கட்டும்" என்றார் உராசாகி. "எதையும் சேக்காம வந்து காட்டுன்னாரு. நான் வந்தப்ப ஆள் இல்ல. இன்னைக்கு விட்டா அவரு சாமி. அவரு எனக்குக் குடுத்ததைத்தான் நான் காட்ட முடியும். உங்களுக்குக் குடுத்ததை நான் எடுத்துக் காட்டினா, ஒசாகாவுல எவன்கிட்டயோ கத்துக்கிட்டு வந்துட்டான்னு நினைக்க மாட்டாரா?"

இஷிமினே வாயைத் திறந்தார், மூடினார். அவர் வாயைத் திறந்தும் சத்தம் வராததை அவருடைய சீடர்கள் அன்றுதான் பார்த்தார்கள். அவருக்கும் இதே சங்கடம்தான் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

மகாத்து கையில் கரண்டியோடு வந்தாள். "இன்னும் முடிவு பண்ணலையா? குழம்பு ஆறுது. இந்தத் தடவை பக்கத்துல பக்கத்துல நிக்காதீங்க, மண்டையை உடைச்சுக்கிட்டா துடைக்க என்கிட்ட துணி இல்ல. நீ அந்தக் கோடியில நில்லு, அவன் இந்தக் கோடியில. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னு செய்யுங்க. எப்படித் திரும்பினாலும் இடிக்காது. ஆரம்பிங்க!"

முற்றம் நீளம், அகலம்தான் குறுகல். உராசாகி ஒரு கோடியில் நின்றார், இஷிமினே மறுகோடியில். எதிரெதிரே கைகூப்பினார்கள். உராசாகி கண்ணெதிரே இருந்தவரை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தார். நெற்றியில் இன்னும் ஒரு சிறு தழும்பு இருந்தது. மூச்சை இழுத்து, இடப்பக்கம் திரும்பினார்.

எதிரே இஷிமினே வலப்பக்கம் திரும்பினார்.

இருவரும் தெருவைப் பார்த்து நின்றிருந்தார்கள்.

எதிரெதிராக நிற்கிறவர்களில் ஒருவருடைய இடப்பக்கம்தான் மற்றவருடைய வலப்பக்கம் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இரண்டு ஆசான்களுக்கு அது தெரிய இத்தனை காலம் பிடித்தது. இரண்டு கால்கள் ஒரே நேரத்தில் தெருவை நோக்கித் தாழ்வாக உதைத்தன. தெருவில் தவறான பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு சைக்கிள்காரர் மிரண்டு சரியான பக்கம் போனார். மாடம், அடுப்பு, இப்போது கொட்டில் சாமி குடிபோயிருக்கும் கழிப்பறை, எல்லாம் வீட்டுப் பக்கம் இருவருடைய முதுகுக்கும் பின்னால் பத்திரமாக இருந்தன.

முதுகு! உராசாகிக்கு ஒரு கணம் பதறியது, மாடத்துக்கு முதுகைக் காட்டிவிட்டோமே என்று. அடுத்த அடியிலேயே பதற்றம் போய்விட்டது. ஆசான் ஒருநாளும் எதிரே நின்று பார்த்ததில்லை. பின்னால் நின்று, சத்தமில்லாமல் நடந்து, தோள் எங்கே தளர்கிறதோ அங்கே பட்டென்று ஒரு தட்டுத் தட்டுவார். உராசாகி தோளை இறுக்கினார். அடி வரும், அடி வரும் என்று ஒவ்வொரு அசைவிலும் காத்துக்கொண்டே கட்டாவை முடித்தார். அடி விழவில்லை. அவர் கற்ற காலத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மகாத்து மாடத்தின் முன்னால் மண்டியிட்டாள். "அப்பா, பாத்துட்டீங்கல்ல? ரெண்டுல எது சரின்னு யாருக்கும் சொல்லாதீங்க. பேசாம சாமியாகுங்க." பிறகு எழுந்து, "யாராவது வாத்தியத்தை எடுங்கடா" என்றாள். மூன்று தந்தி வாத்தியம் முழங்கியதும் எல்லாரும் கையைத் தூக்கி ஆடத் தொடங்கினார்கள்.

இத்தோமான் சீடர்கள், உராசாகி கடைசியில் தங்கள் திசைக்கு வந்துவிட்டார் என்று மகிழ்ந்தார்கள். நாஹா சீடர்களும் இஷிமினேயைப் பற்றி அதையே சொல்லி மகிழ்ந்தார்கள். தபால்காரருக்கும் ஒரு மீன் வியாபாரிக்கும் இதில் வாக்குவாதம் முற்றி, ஒரே தட்டில் சாப்பிடுகிறவரை போனது. இரண்டாவது சீசா திறந்தபோது இஷிமினே உராசாகியை அண்ணே என்று கூப்பிட்டார். உராசாகியும் அவரை அண்ணே என்று கூப்பிட்டார். இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி நடித்தார்கள்.

அதற்குப் பிறகும் உராசாகி பதினெட்டு வருஷம் சொல்லிக்கொடுத்தார். புதிதாக வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்டால், "உங்க வீட்டுல கக்கூஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய சீடர் தன் பள்ளியின் வரைபடத்தையே அனுப்பினார். அதில் கழிப்பறை இரண்டு பக்கமும் இருந்தது. உராசாகி இரண்டு நாள் யோசித்து, கட்டடத்தை மாற்றும்படி பதில் எழுதச் சொன்னார். இங்கிலீஷ் தெரிந்த சுமியின் மருமகன் அதைக் கொஞ்சம் மென்மையாக எழுதினான்.

அந்த ஞாயிறு சாயங்காலம் இஷிமினேயை இத்தோமானுக்குத் திரும்ப அழைத்துச் சென்றது சுமியின் தம்பி, ஏனென்றால் இரண்டு ஆசான்களும் எந்தப் பக்கமும் ஓட்டும் நிலையில் இல்லை. இருவரும் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே" என்றார் இஷிமினே. "கடைசிக் குத்துல நீ மூச்சை வெளிய விட்டே."

"ஆமா. விடணும்."

"அடக்கணும்யா! ஆசான் அடக்குவாரு. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்."

"அவருக்கு அப்ப ஆஸ்துமா வந்திருக்கும்."

"ஆஸ்துமாவா? அவருக்கா? யோவ், வண்டியை நிறுத்தச் சொல்லு!"

சுமியின் தம்பி நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் பயனில்லை, அடுத்த ஞாயிறு உராசாகி தானே இத்தோமானுக்கு ஓட்டிப்போய் அந்த விவாதத்தைத் தொடர்ந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் போனார்.